பதினாறடி வரவு செலவு

படகு இருநூறு டாலர்.
அதை இழுத்துவரும் வண்டி முந்நூற்றைம்பது.
‘சுண்டைக்காய் கால் பணம்’ என்று நான் தொடங்குவதற்குள்
ரெனே தார்ப்பாயை உரித்துவிட்டாள்.
உள்ளே பைன் ஊசிகள், காலியான எலிக்கூடு,
எழுபத்து நான்காம் வருடத்து ஆரஞ்சு நிறம்,
அதில் பாதியை வெயில் தின்றிருந்தது.

ஸ்டர்ஜன் பேயில் நான் பிறருக்கு வரிக்கணக்கு எழுதுகிறவன்.
ஜனவரி பிறந்தால்
செர்ரித் தோட்டக்காரர்கள் ஷூ பெட்டிகளில் ரசீதுகளோடு வருவார்கள்.
அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.
கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு
நாலரை மணி இருட்டில் கராஜுக்குள் போவாள்.
முகமூடி, கையுறை, அரவை இயந்திரம்.
கண்ணாடியிழைத் தூசி
ஒரே சலவையில் என் சட்டைக்கும் வந்தது.
வாடிக்கையாளர் எதிரில் நெளிந்தேன்.
வரியைக் குறைக்க வழி யோசிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

நான் தனி நோட்டு போட்டேன், அவளுக்குத் தெரியாமல்.
ரெசின் ஐந்து கேலன்.
இழைத்துணி, அசிட்டோன்,
இரண்டு ஹீட்டர்கள் குடித்த மின்சாரம்,
பவுடர் (அரிப்புக்கு).
எவனோ பீர் டப்பாவை வெட்டி அடிப்பாகத்துக்கு ஒட்டுப் போட்டிருந்தான்.
அதைப் பெயர்த்து, கழுவி, சுவரில் ஆணியடித்து மாட்டினாள்.
அதற்கு விலை எழுதவில்லை.

பிப்ரவரியில் ஒரு இரவு சாப்பிடக் கூப்பிடப் போனேன்.
டார்ச்சைப் பிடி என்றாள்.
சுத்தியலின் பிடியால் படகைத் தட்டிக்கொண்டே போனாள்.
டக். டக். டக். தொப்.
‘கேட்டாயா?’
கேட்கவில்லை என்றேன்.
சுத்தியலை என் கையில் வைத்தாள்.
டக். டக்.
தொப்.
தோல் நன்றாகத்தான் இருந்தது.
உள்ளே பலகை, நனைந்த ரொட்டி போல
விரலோடு வந்தது.
சூப் ஆறிப்போனது.
அதன்பிறகு ஒரு வாரம்
கதவு, தர்ப்பூசணி, என் அலுவலக அலமாரி
எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தேன்.
அலமாரி தொப்.

மார்ச்சில் கெட்டிப்படுத்தும் திரவம் கொஞ்சம் கூடிப்போக
கோப்பை கையிலேயே புகைந்தது.
ஓடிப்போய் வெளியே எறிந்தாள்.
பனியில் துளை போட்டுக்கொண்டு
அது தானே கீழே இறங்கியது, சீறிக்கொண்டு.
இருவரும் குனிந்து பார்த்தோம்.
அன்று என் மேசையில் நாற்பத்தொரு கோப்புகள் காத்திருந்தன.

விரிகுடாவில் பனி உடைந்து,
பிறகு செர்ரி பூத்து உதிர்ந்து,
ஜூன் இரண்டாம் சனிக்கிழமை
சரிவில் இறக்கினோம்.
மிதந்தது.
அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்ததால்
என் காலணிக்குள் தண்ணீர் ஏறியதைக் கவனிக்கவில்லை.
‘க்ளென், வடிகால் மூடி எங்கே?’
என் சட்டைப்பையில் இருந்தது,
பித்தளை, நாலு டாலர் இருபத்தைந்து சென்ட்,
ரசீதோடு.

அவள் சிரித்த சிரிப்பில்
படகு இன்னும் கொஞ்சம் தண்ணீர் குடித்தது.

வாளியால் இறைத்து முடிக்கும்போது
கிரீன் பேயிலிருந்து வந்த ஒருவர்
விளிம்பைத் தடவிப் பார்த்தார்.
நல்ல வேலை, ஆயிரத்து நூறு வரை போகும் என்றார்.
இதற்கு எவ்வளவு ஆயிற்று என்று கேட்டார்.
ரெனே வாளியோடு என்னைப் பார்த்தாள்.
நோட்டைப் பற்றி எப்போதோ தெரிந்திருக்கிறது அவளுக்கு.

ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு டாலர்
முப்பத்தெட்டு சென்ட்.

‘நினைவில்லை’ என்றேன்,
முப்பத்தொரு வருடத் தொழிலில் முதல்முறையாக,
ஈரக் காலணி சளக் சளக்கென்று சத்தமிட
மறுபடியும் படகில் ஏறிக்கொண்டு.